ஹாலில் ஒரு பொய் நெருப்பு: அலங்காரக் கணப்பு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

புதிதாகச் சாவி வாங்கிய தாமான் வீடுகளில் இப்போது ஒரு காட்சியை அடிக்கடி காண முடிகிறது. வரவேற்பறைச் சுவரில் பெரிய தொலைக்காட்சி. அதன் கீழே நீளமான கறுப்புக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு அசைகிறது. மேலே மின்விசிறியோ முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வீடு பார்க்க வரும் பெரியவர்கள், “நம்ம ஊர் வெயிலுக்கு இது வேறயா?” என்று கேட்காமல் போவதில்லை.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தச் செயற்கைக் கணப்பை இங்கே யாரும் குளிர் காய வாங்குவதில்லை, அழகுக்காகவே வாங்குகிறார்கள். அப்படியானால் அதை அடுப்பாக நினைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, விளக்காக நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்குப் போகும் முன்பே குடும்பத்தில் இதை முடிவு செய்துகொண்டால், விற்பனையாளர் பெருமையாகக் காட்டும் பல வசதிகள் நமக்குத் தேவையில்லை என்பது தானாகப் புரிந்துவிடும். சில வகைகளை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது என்பதும் புரியும்.

மலேசியாவில் கணப்பு அடுப்புக்கு உண்மையான வேலை இருந்த இடங்கள் மலைப் பகுதிகள்தான். கேமரன் மலையின் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1929-ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட காலத்தை ஒட்டி அங்கே எழுந்த ஆங்கிலேயர் பங்களாக்களிலும் விடுதிகளிலும் விறகு எரியும் கணப்புகள் இருந்தன. அத்தகைய பங்களாக்களில் விறகு பிளந்தும் சாம்பல் அள்ளியும் உழைத்தவர்களில் தோட்டத் தமிழர்களும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சொந்த வீட்டு ஹாலில் அதே வடிவத்தை வைத்துப் பார்க்க ஆசைப்படுவதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் வீணாகாமலும், வீட்டுக்கு ஆபத்து வராமலும் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சூட்டைப் பற்றிப் பார்ப்போம். கடைகளிலும் இணைய வணிகத் தளங்களிலும் கிடைக்கும் மின்சாரக் கணப்புகள் பலவற்றில் வெப்பமூட்டும் கருவியும் சேர்ந்தே வருகிறது. பெட்டியில் பெரும்பாலும் 1500 வாட் அல்லது 2000 வாட் என்று எழுதியிருக்கும். 1500 வாட் என்பது மணிக்கு 5,100 பி.டி.யு. வெப்பத்துக்குச் சமம். நம் ஹாலில் மாட்டியிருக்கும் 1 குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு ஏறக்குறைய 9,000 பி.டி.யு. வெப்பத்தைத்தான் வெளியேற்றும். ஆக, கணப்பின் சூட்டையும் போட்டு ஏர்கோனையும் போட்டால், ஏர்கோன் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் அந்தக் கணப்பே தின்றுவிடும்.

மின் கணக்கும் இதே கதைதான். சூட்டோடு தினமும் 4 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 180 யூனிட். தீயொளி மட்டும் 15 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே 4 மணி நேரத்துக்கு மாதம் 2 யூனிட் கூட ஆகாது. வெப்பம் இல்லாத, ஒளி மட்டும் தரும் மாதிரி கிடைத்தால் அதையே கேட்டு வாங்கலாம். கிடைக்காவிட்டால், வெப்பத்தைத் தனியாக நிறுத்தி வைக்கும் சுவிட்ச் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ரிமோட்டில் ஒரே பொத்தானில் இரண்டும் எரிந்தால் அதை வாங்க வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் கையில் ரிமோட் என்ன பாடுபடும் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

அடுத்தது, கட்டாயம் எச்சரிக்க வேண்டிய வகை. ‘பயோ எத்தனால்’ என்ற திரவத்தை ஊற்றி எரிக்கும் கணப்புகள் பார்க்க மிக அழகானவை. புகை இல்லை, புகைபோக்கி தேவையில்லை, எரிவது உண்மையான தீ. ஆனால் எத்தனாலின் ஆவி 13 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். தோட்டத்து லயத்தில் விளக்கேற்றிய மண்ணெண்ணெய்க்கு அந்த அளவு குறைந்தது 38 பாகை. நம் ஹால் பகலில் 30 பாகையில் இருக்கிறது. மண்ணெண்ணெய் அந்தச் சூட்டிலும் அமைதியாக இருக்கும். எத்தனால் போத்தலைத் திறந்தவுடனே தீப்பற்றக்கூடிய ஆவி வெளிவருகிறது.

இதை விட மோசம், அதன் சுடர் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்குத் தெரியாதது. அணைந்துவிட்டது என்று நினைத்துச் சூடான தொட்டியில் மறுபடி ஊற்றும்போது, தீ போத்தலுக்கே தாவிப் பக்கத்தில் நிற்பவர் மேல் பாயலாம். வெளிநாடுகளில் நேர்ந்த கடுமையான தீக்காயங்கள் பல இப்படி ஊற்றும் நேரத்தில் நிகழ்ந்தவையே. தவிர, 1 லிட்டர் எத்தனால் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ கரியமில வாயுவும் 900 கிராம் அளவு நீராவியும் அறைக்குள் சேரும். சன்னலைச் சாத்தி ஏர்கோன் போட்ட அறையில் இது வேண்டவே வேண்டாம். சாமி மேடையில் விளக்கேற்றும் வழக்கமுள்ள வீட்டில், பக்கத்து அலமாரியில் எத்தனால் போத்தலை வைத்திருப்பது பெரிய அபாயம்.

நீராவிக் கணப்பு என்று இன்னொரு வகை உண்டு. தண்ணீரை நுண்ணிய பனியாக மேலே எழுப்பி, அதன்மேல் கீழிருந்து வண்ண ஒளி பாய்ச்சுவார்கள். புகையோடு தீ எழுவது போலவே தெரியும். எல்லா வகைகளிலும் நிஜத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். கை வைத்தால் சுடாது. ஆனால் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், உப்புப் படியாமல் கழுவ வேண்டும். ஊருக்குப் போகும்போது தண்ணீரை வடித்துவிட்டுப் போக வேண்டும். ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் இருந்தாலே போதும். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த நாட்டில், அழுத்திய மரத்தூள் பலகையாலான சுவர் அலமாரி இந்த ஈரத்தையும் குடித்து ஊதிப் போகலாம். பராமரிக்க ஆள் உள்ள வீட்டுக்கு இது சரி. காலையில் போய் இரவில் திரும்பும் குடும்பத்துக்குத் தலைவலி.

பெரும்பாலான வீடுகளுக்கு எல்.இ.டி. ஒளியில் இயங்கும் சாதாரண வகையே போதும். உள்ளே ஒரு சிறு மோட்டார், மின்னும் தகடுகள் பொருத்திய கம்பியை மெல்லச் சுழற்றும். ஒளி அந்தத் தகடுகளில் பட்டு முன்திரையில் அசையும்போது தீ எழுவது போலத் தெரியும். கடையில் பார்க்கும்போது பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, காதை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். அங்கேயே கரகரவென்று சத்தம் வந்தால், இரவு 11 மணிக்கு அமைதியான ஹாலில் அது இன்னும் நன்றாகக் கேட்கும். நேராக மட்டுமல்லாமல், சோபா இருக்கும் கோணத்திலிருந்தும் நின்று பார்ப்பது நல்லது. சில மாதிரிகளில் பக்கத்திலிருந்து பார்த்தால் தீ தட்டையாகத் தெரியும்.

அளவில் பலர் ஏமாறுகிறார்கள். தொலைக்காட்சியின் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. கணப்பின் அங்குலமோ பெரும்பாலும் நேர் அகலம். 55 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் 48 அங்குலம்தான். 65 அங்குலத்துக்கு 57. ‘டிவி 55, கணப்பு 60, கிட்டத்தட்டச் சமம்’ என்று வாங்கி வந்தால், கீழே உள்ளது இரண்டு பக்கமும் அரை அடி நீட்டிக்கொண்டிருக்கும். இணையத்தில் பணம் கட்டும் முன் பழைய நாளிதழை அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்தால் செலவில்லாமல் விடை கிடைத்துவிடும். தொலைக்காட்சி கழுத்து வலிக்கும் உயரத்துக்குப் போகிறதா என்பதும் அப்போதே தெரியும்.

ஹாலின் விளக்கும் முக்கியம். நம் வீடுகளில் பொதுவாக எரிவது பளிச்சென்ற வெள்ளைக் குழல்விளக்கு. அதன் முன் எவ்வளவு விலை கொடுத்த தீயும் வெளுத்துப் போகும். மஞ்சள் ஒளி விளக்கு ஒன்றிரண்டைத் தனிச் சுவிட்சில் போட்டுக்கொள்வது, கணப்பில் கூடுதலாகச் செலவழிப்பதை விடப் பலன் தரும். வாசலுக்கு நேரெதிரே வைத்தால், பகலில் கறுப்புக் கண்ணாடியில் தீ தெரியாது. இரும்பு கேட்டும் காரும்தான் தெரியும்.

வாஸ்து பார்க்கும் குடும்பங்களில் தென்கிழக்கு அக்கினி மூலை என்பதால் அங்கேதான் வைக்க வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. உள்ளே இருப்பது விளக்கும் மோட்டாரும்தான், அக்கினி இல்லை. பிளக் எங்கே இருக்கிறதோ அந்த மூலையைப் பார்ப்பதே முதல் வேலை.

ஏனென்றால் கோளாறு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். நம் 13 ஆம்பியர் பிளக்கில் அதிக அளவு ஏறக்குறைய 3000 வாட் வரைதான் இழுக்கலாம். 2000 வாட் கணப்பு, தொலைக்காட்சி, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்பு வயரில் செருகி, அதைப் பலகைக்குப் பின்னால் மறைத்து வைத்தால், சூடேறி உருகுவது யார் கண்ணுக்கும் தெரியாது. தனி பிளக் வேண்டும். புதிய பிளக் இழுப்பதென்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுக்க வேண்டும். அலமாரி செய்ய வந்த தச்சரே ‘நானே இழுத்துவிடுகிறேன்’ என்றால் மறுத்துவிடுவது நல்லது. சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரைக் குடையாமல், பலகையை முன்னுக்கு இழுத்துக் கட்டி அதில் பதிக்க வேண்டும். காற்றுப் போக்கி எந்தப் பக்கம் என்று கையேட்டில் பார்த்துத் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். அழகு பார்த்து அதை அடைத்துவிடுகிறார்கள். பின்னால் ஒரு திறப்பும் தேவை. வெதுவெதுப்பான பெட்டியைக் கண்டால் பல்லிகள் குடியேறிவிடும், ஒன்று செத்து வயரில் விழுந்தால் மொத்தப் பலகையையும் கழற்ற வேண்டிவரும்.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்குவோர் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நமக்கு வேண்டியது 230 அல்லது 240 வோல்ட். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 120 வோல்ட் மாதிரியைச் செருகினால் அன்றே கருகிவிடும். இரட்டை முள் பிளக்கோடு வந்தால் கண்ட அடாப்டரைப் போடாமல், சிரிம்–எஸ்டி ஒட்டுவில்லை உள்ளதை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

பணத்தை இறக்குவதற்கு முன் ஒரு சோதனை. எரியும் விறகைக் காட்டும் நீண்ட காணொளிகள் யூடியூப்பில் இலவசமாக உண்டு. ஒரு வாரம் இரவில் அதைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, வீட்டில் யார் ரசிக்கிறார்கள், எத்தனை நாளில் சலிக்கிறது என்று பார்க்கலாம். மூன்றாம் நாளே சேனலை மாற்றச் சொன்னால் விடை தெரிந்துவிட்டது.

வாங்கியே ஆவது என்று முடிவானால் ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்த வேண்டும். பொருள் பழுதாகி விற்பனையாளர் கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, ரசீதும் குறுஞ்செய்திகளும் படங்களும் கையில் இருக்க வேண்டும்.