நல்ல போலீஸை ஒரு கேள்வித்தாள் கண்டுபிடிக்குமா?

‘எனக்குக் கோபமே வந்ததில்லை.’ சரியா, தவறா? போலீஸ் வேலைக்குப் போறவர் இதற்கு என்ன டிக் அடிப்பார்? ‘சரி’தான். வேலை வேணும்ல!

அமெரிக்காவில் போலீஸ் தேர்வில் பரவலாகப் பயன்படும் ஆளுமைத் தேர்வு, எம்.எம்.பி.ஐ. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1943-ல் வெளியானது. போலீஸுக்காக எழுதப்பட்டது அல்ல. நோயாளிகளின் மனநலப் பிரச்னையைக் கண்டறியத்தான் வந்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 567 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு, அவ்வளவுதான். மருத்துவப் பரிசோதனையாகக் கருதப்படுவதால், ‘மற்றதில் தேறினால் வேலை உண்டு’ என்று உறுதி தந்த பிறகுதான் வைப்பார்கள்.

பொய் சொன்னால்? அதற்கும் தனி அளவுகோல் உண்டு. ஊரில் யாருக்குமே இல்லாத உத்தம குணம் உங்களிடம் இருப்பதாகக் காட்டினால் அந்த ஸ்கோர் ஏறும். போலீஸ் வேலைக்கு வருபவர்களுக்கு இது பொதுவாகவே கொஞ்சம் கூடுதலாக வரும் என்பதால், அவர்களை அவர்களோடே ஒப்பிடுகிறார்கள்.

இப்போ ஒரு வழக்கு. 2017 ஜூலையில், இந்தத் தேர்வு பிறந்த அதே மினியாபொலிஸ் நகரம். வீட்டுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் ஆபத்தில் இருப்பதாக 911-ஐ அழைத்தார் ஜஸ்டின் டேமண்ட். வந்த போலீஸ்காரர் முகமது நூர், காரில் உட்கார்ந்தபடியே அவரைச் சுட்டுக் கொன்றார். 2015-ல் நடந்த தேர்வில் நூரைப் பற்றி எச்சரிக்கை வந்திருந்தது என்று அரசுத் தரப்பு பின்னர் நீதிமன்றத்தில் சொன்னது. வேலையின் அழுத்தத்தைத் தாங்கமாட்டார், மக்களோடு பழக விரும்பாதவர் என்பது அதன் சாரம். ஆனால் நேரில் பேசிய மனநல மருத்துவர், மனநோய் எதுவும் இல்லை, தகுதியானவர் என்றே சான்று தந்தார்.

‘பாத்தீங்களா, தேர்வு அப்பவே சொல்லுச்சே!’ என்று தோணும். அவசரப்பட வேண்டாம். அதே மாதிரி ஸ்கோர் வாங்கி, துப்பாக்கியை எடுக்காமலே ஓய்வு பெறுபவர்களும் இருப்பார்கள். அவர்கள் செய்தியில் வரமாட்டார்கள். தெளிவான மனநலச் சிக்கல் உள்ளவரை வடிகட்ட இந்தத் தேர்வு உதவும். பத்துப் பேரில் நல்ல போலீஸ் யார் என்று பொறுக்கித் தராது.

நம்ம ஊர் காவலர் தேர்விலும் ‘உளவியல்’ என்று ஒரு பகுதி இருக்கே என்பீர்கள். அது வேற. அதில் பெரும்பாலும் எண், தர்க்கக் கேள்விகள்தான்.

இன்னொன்று: அமெரிக்காவிலும் இந்தத் தேர்வு பொதுவாக வேலைக்குச் சேரும்போது ஒரு முறைதான். பத்து வருஷம் இரவு ரோந்து போன பிறகு அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று, ஏதாவது பிரச்னை வெடித்தால் தவிர, யாரும் திரும்பக் கேட்பது அபூர்வம்.