இரவு வானத்துக்கென்று ஒரு கேமரா: யாருக்குத் தேவை?

மார்கழி இரவில் ஓரியன் விண்மீன் கூட்டத்தைச் சாதாரண டிஜிட்டல் கேமராவில் எடுத்தால் விண்மீன்கள் பளிச்சென்று விழும். ஆனால் குதிரைத்தலை நெபுலாவுக்குப் பின்னால் இருக்கும் செந்நிற வாயுத் திரை மட்டும் மங்கிப்போயிருக்கும். எடுத்தவர்மேல் பிழையில்லை. கேமராவுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய ஃபில்டர்தான் காரணம்.

கேமராவின் சென்சார் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவுசெய்துவிடும். அப்படியே விட்டால் ஆட்களின் தோல் நிறமும் துணியின் நிறமும் மாறிப்போகும். அதனால் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரைப் பொருத்துகிறார்கள். அது அதையொட்டிய ஆழ்ந்த சிவப்பிலும் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. நெபுலாக்களின் ஹைட்ரஜன் வாயு சிவப்பாக ஒளிர்வதோ அந்த எல்லையில்தான், 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில். இதற்கு ஹைட்ரஜன்-ஆல்பா என்று பெயர்.

வானத்துக்கென்றே செய்த கேமராக்களில் இந்த ஃபில்டரை மாற்றியமைத்து, அந்தச் சிவப்புக்கு வழிவிடுகிறார்கள். கேனான் 2005இல் 20டிஏ, 2012இல் 60டிஏ, 2019இல் இஓஎஸ் ஆர்ஏ என மூன்று மாடல்களை வெளியிட்டது. நிகான் 2015இல் டி810ஏ கேமராவைக் கொண்டுவந்தது. ஆர்ஏ, தன் சாதாரண வடிவமான இஓஎஸ் ஆரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஹைட்ரஜன்-ஆல்பா ஒளியை உள்ளே விடும். திரையில் விண்மீனை 30 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்யலாம். டி810ஏயில் ஒரே படத்துக்கு 900 விநாடிவரை ஷட்டரைத் திறந்துவைக்கலாம்.

அப்படி நெடுநேரம் திறந்திருக்கும்போது இன்னொரு தொல்லை வருகிறது. சென்சார் சூடேறச் சூடேற, இல்லாத ஒளிப்புள்ளிகள் படத்தில் முளைக்கும். இதற்காகவே மின்சாரத்தால் குளிரூட்டும் கேமராக்கள் உண்டு. இவற்றில் பலவும் வெளிவெப்பத்தைவிடச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் குறைவாகச் சென்சாரை வைத்திருக்கும். 28 டிகிரி புழுக்கத்திலும் சென்சார் உறைநிலைக்குக் கீழே இருக்கும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் திரை கிடையாது. தொலைநோக்கியில் மாட்டி, கணினியோடு இணைத்தால்தான் வேலை செய்யும்.

ஃபில்டர் மாற்றிய கேமராவைப் பகலில் கல்யாண வீட்டுக்கு எடுத்துப்போனால் படங்களில் செம்மை தட்டும். கடையில் கொடுத்துப் பழைய கேமராவின் ஃபில்டரை மாற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உத்தரவாதம் போய்விடும்.

பால்வெளி, நிலா, கிரகணம், விண்மீன் தடங்கள் இவைதான் உங்கள் ஆசை என்றால், கையில் இருக்கும் கேமராவே போதும். முதலில் ஆடாத ட்ரைபாட் ஒன்று வாங்குங்கள். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகரும். அதைப் பின்தொடரும் டிராக்கரை அடுத்து வாங்கலாம். நகர வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போய்ப் பழகுங்கள். செந்நிற நெபுலாக்கள்மேல் மோகம் தீரவில்லை என்றால் மட்டும் தனிக் கேமராவுக்குப் பணத்தை எடுங்கள்.