எடுக்கிற இடத்துலயே சுத்திகரிச்சா லாபமா? ஆல்பர்ட்டா எண்ணெய் மணல் கணக்கு

கனடாவோட ஆல்பர்ட்டா மாகாணத்துல பல வருஷமா ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு விவாதம்தான் இந்த எபிசோட். "நம்ம மண்ல எடுக்கிற எண்ணெயை ஏன் அப்படியே அமெரிக்காவுக்கு அனுப்பணும்? இங்கயே பெட்ரோல், டீசலா மாத்தி வித்தா என்ன?"

சாஃப்ட்வேர் ஆளான எனக்கு இந்தக் கேள்வி நல்லாவே புரியும். டேட்டா எங்க இருக்கோ அங்கயே ப்ராசஸ் பண்ணு, நெட்வொர்க்ல சும்மா இழுக்காதேங்கிறது எங்க தொழில்ல பாலபாடம்.

அங்க ஒரு வலுவான காரணமும் இருக்கு. ஃபோர்ட் மெக்மரி பக்கத்துல மணலோட கலந்து கிடைக்கிறது பிட்டுமன். குளிர்ல தார் மாதிரி கெட்டியாகிடும், பைப்லைன்ல ஓடாது. அதனால கண்டன்சேட் மாதிரி லேசான திரவத்தைக் கலந்து அனுப்புறாங்க. கலவையில சுமார் 30 சதவீதம் இதுதான். அதாவது 10 பேரல் போனா அதுல 3 பேரல் இடத்தை இந்தத் திரவமே பிடிச்சுக்குது.

இங்க ரெண்டு வேலையைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒண்ணு அப்கிரேடிங்: பிட்டுமனை உடைச்சு, கந்தகத்தை நீக்கி, லேசான செயற்கைக் கச்சா எண்ணெயா மாத்துறது. இன்னைக்கு சன்கோர்னு இருக்கிற நிறுவனம் 1967லயே சுரங்கத்துப் பக்கத்துல இதை ஆரம்பிச்சது. 1978ல சின்க்ரூட் வந்தது. இன்னொண்ணு ரிஃபைனிங்: பெட்ரோல், டீசல்னு கடைசிப் பொருளாக்குறது.

ரெண்டாவதுலதான் கணக்கு இடிக்குது. கரும்பு ஆலை வயல் பக்கத்துல இருக்கும், ஏன்னா கரும்புல பெரும்பகுதி தண்ணியும் சக்கையும். பேக்கரி ஊருக்குள்ள இருக்கும். ரிஃபைனரி பேக்கரி ரகம். உள்ளே போறதுல பெரும்பகுதி எரிபொருளாவே வெளியே வருது, தூக்கிட்டுப் போற சுமை பெருசா குறையாது. ஆனா பெட்ரோல், டீசல், விமான எரிபொருள்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியா அனுப்பணும். ஆல்பர்ட்டாவுல மக்கள் சுமார் 50 லட்சம் பேர்தான். எண்ணெய் மணல் உற்பத்தியோ தினமும் 30 லட்சம் பேரலுக்கு மேல. வாங்குறவங்க தூரத்துல இருக்காங்க. அந்தத் தூரத்துல, அமெரிக்க வளைகுடாக் கரையில, கெட்டி எண்ணெயை உடைக்கிற கோக்கர் யூனிட்டுகள் ஏற்கெனவே நிக்குது. புதுசா கட்டுறவங்க அவங்களோட போட்டி போடணும்.

நடந்ததையும் பாருங்க. 1,160 கோடி கனடா டாலர் மதிப்புள்ள வாயேஜர் அப்கிரேடரை 2013ல சன்கோர் கைவிட்டது. அமெரிக்காவுல லேசான எண்ணெய் பெருகினதால லாபம் சுருங்கிடுச்சு. எட்மன்டன் பக்கத்துல ஸ்டர்ஜன் ரிஃபைனரி கட்டினாங்க. 2012ல போட்ட மதிப்பீடு 570 கோடி. முடியும்போது சுமார் 1,000 கோடி. அதோட கொள்ளளவுல 75 சதவீதத்துக்கு மாகாண அரசே நீண்டகால ஒப்பந்தம் போட்டிருக்கு. 2020லதான் பிட்டுமன் முழுசா ஓடுச்சு; கடனுக்கான கட்டணத்தை அரசு 2018லயே கட்ட ஆரம்பிச்சிடுச்சு.

2018 கடைசியில கனடா கெட்டி எண்ணெய், அமெரிக்க விலையை விட பேரலுக்கு 40 டாலருக்கு மேல மலிவா வித்தது. அப்போ உள்ளூர் ரிஃபைனரி தங்கச் சுரங்கமா தெரிஞ்சிருக்கும். ஆனா அந்த இடைவெளிக்குப் பெரிய காரணம் பைப்லைன் நெரிசல். 2024ல ட்ரான்ஸ் மவுன்டன் விரிவாக்கம் திறந்ததும் இடைவெளி சுருங்குச்சு. பல பத்து வருஷம் ஓட வேண்டிய ஆலையை ஒரு வருஷ நெரிசலை நம்பிக் கட்ட முடியாது.

அதனால "மதிப்புக்கூட்டல், வேலைவாய்ப்பு"ன்னு யாராவது சொன்னா, நஷ்டம் வந்தா யார் கட்டுறதுன்னு கேளுங்க. ஸ்டர்ஜன்ல அந்த ரிஸ்க்ல பெரும்பங்கு வரி கட்டுறவங்க தலையில.