புதுக் கொட்டிலில் முதல் இரண்டு நாள்

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே திரும்பினால் காட்டாங்குளத்தூரை ஒட்டிக் காட்டுப்பாக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் 75 சதவீதமும் நாட்டுப்பன்றி 25 சதவீதமும் கலந்த ‘தனுவாஸ் கேபிஎம் கோல்டு’ இங்கேதான் உருவானது. வெண்பன்றிப் பண்ணை வைக்க நினைப்பவர்கள் இனம், தீவனம், விலை எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். எந்தக் குட்டியை எதனோடு அடைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அது.

பன்றி தன் கூட்டாளிகளை மோப்பத்தாலேயே அடையாளம் காணும். பிறந்த சில நாட்களுக்குள் எந்தக் காம்பு யாருக்கு என்று குட்டிகள் முட்டிமோதித் தீர்த்துக்கொள்கின்றன. தாயிடமிருந்து பிரித்ததும், எடை ஒத்த குட்டிகளாகப் பார்த்துப் பல ஈற்றுகளிலிருந்து எடுத்து ஒரே கொட்டிலில் விடுவது வழக்கம். தீவனத்துக்கு அது வசதி. குட்டிகளுக்கோ யார் பெரியவர் என்ற கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. பலம் சமமாக இருப்பதால் சண்டையும் நீள்கிறது. முதல் இரண்டு நாள்தான் கடுமை; பிறகு, பலசாலி தலையைத் திருப்பினாலே மற்றது விலகிவிடும்.

விலக இடம் இருந்தால்தான் அது நடக்கும். நெருக்கிய கொட்டிலில் தோற்ற குட்டி மூலையில் நின்று கடிபட்டுக்கொண்டே இருக்கும். காயத்தைப் பார்த்தாலே தெரியும்: காதிலும் தோளிலும் கீறல் என்றால் எதிர்நின்று சண்டையிட்டது, பின்புறத்தில் என்றால் ஓடும்போது வாங்கியது. இரண்டாவது வகைக் குட்டியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

கூடியவரை ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பிரிக்காமல் வளர்ப்பதே நல்லது. கலக்கத்தான் வேண்டுமென்றால், பால் குடிக்கும் பருவத்திலேயே, இரண்டு வார வயதையொட்டி, பக்கத்துக் கொட்டில்களின் தடுப்பை எடுத்துவிடலாம். அந்த வயதில் அறிமுகமானவை பின்னால் குறைவாகவே சண்டையிடுகின்றன. பன்றிக்கு வியர்த்து உடம்பு தணியாது. அதனால் செங்கல்பட்டு வெயிலில் நண்பகலில் கலப்பது கொடுமை. வெயில் தாழ்ந்த பிறகு செய்ய வேண்டும். தீவனமாகப் போடும் ஓட்டல் மிச்சத்தை ஒரே தொட்டியில் கொட்டாமல் இரண்டு மூன்று இடத்தில் வைத்தால் எளிய குட்டிக்கும் வாய் எட்டும்.

சினைப்பன்றிக்குக் கணக்கு வேறு. முதல் 4 வாரத்தில்தான் கரு கருப்பையில் ஊன்றுகிறது; அப்போது சண்டை மூண்டால் கரு கலையலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜனவரி 1 முதல் சினைப்பன்றிகளைக் கூட்டமாக வளர்க்கச் சொன்னபோதும், அந்த 4 வாரத்துக்கு விலக்குக் கொடுத்தது. சண்டைக்குப் பயந்து சினைக்காலம் முழுக்கத் திரும்பக்கூட முடியாத கூண்டில் அடைப்பது வழியல்ல. அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதை நமது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவே குற்றம் என்கிறது. பழகிய பன்றிகளை ஒன்றாகவே வைத்திருந்தால் கூண்டுக்குத் தேவையே வராது.