குற்றம் நாடாத மணநீக்கம்

கணவன் மனைவியர் பிரியவேண்டின் அவருள் ஒருவர் குற்றவாளி என மன்றில் நிறுவப்படல் வேண்டுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் குடும்பச் சட்டம் அடைந்த மாற்றம் இவ்வினாவுக்கு விடை காண முயன்ற வரலாறேயாம்.

அந்நாட்டில் மணச்சட்டம் மாநிலந்தோறும் வேறுபடுவது. ஒழுக்கம் பிறழ்தல், கொடுமை, கைவிடல் முதலிய குற்றங்களுள் ஒன்றேனும் மெய்ப்பிக்கப்பட்டாலன்றிப் பழைய சட்டங்கள் பொதுவாக மணத்தை நீக்கா. இருவருங் குற்றமுடையரெனின் இருவர்க்கும் விடுதலை மறுக்கப்படுதலும் உண்டு. நியூயோர்க்கில், 1966இல் இயற்றப்பட்ட திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை, ஒழுக்கம் பிறழ்தல் ஒன்றே காரணமாயிருந்தது. ஆதலின் மனமொத்துப் பிரிய விரும்பியோருட் சிலர் விடுதிகளிற் பொய்க்காட்சி அமைத்துப் புகைப்படம் எடுப்பித்துச் சான்று காட்டினர். பொருள் படைத்தோர் நெவாடா மாநிலத்து றீனோ நகரை நாடினர். 1931 முதல் அங்கு ஆறு வாரம் வசித்தாற் போதுமாயிற்று. வறியோர்க்கு அவ்வழியுமில்லை. உண்மை கூறுவதாகச் சத்தியஞ் செய்யும் மன்றிலே பொய்யுரைக்கச் சட்டமே தூண்டிற்று.

இந்நிலையை மாற்றவே கலிபோர்ணியா புதிய குடும்பச் சட்டமொன்றை இயற்றியது. ஆளுநர் றொனால்ட் றீகன் 1969இற் கையொப்பமிட்ட அச்சட்டம் 1970 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. தீர்க்கவொண்ணா வேறுபாடு, தீராத சித்தப்பிரமை என்னும் இரண்டே காரணங்கள் அதிற் கூறப்பட்டன. குற்றஞ் சாட்டுதல் ஒழிந்தது. ஒருவர் வேண்டினும் மணம் நீங்கும். ஏனைய மாநிலங்களும் படிப்படியாக இந்நெறியைத் தழுவின; இறுதியாக நியூயோர்க் 2010இல் ஏற்றது.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. ஒருவர் விருப்பினாலேயே மணம் நீங்க இடமளித்த மாநிலங்களிற் பெண்களின் தற்கொலையும் மனையகத்து வன்முறையும் குறைந்தன எனப் பொருளியலறிஞர் ஸ்டீவன்சன், வுல்வர்ஸ் இருவரும் 2006இல் எடுத்துக்காட்டினர்.

எனினும், இழப்பும் உண்டு. முன்னர்ப் பிரிய விரும்பிய கணவன் குற்றமற்ற மனைவியின் இசைவைப் பெறுதற்கு வீட்டையோ பணத்தையோ அளிக்க நேர்ந்தது. இசைவு வேண்டப்படாதபோது அவ்வலிமை அவளைவிட்டு அகன்றது. சொத்தைச் சரிபாதியாக்கக் குடியிருந்த வீடும் விற்கப்படலாயிற்று. மணநீக்கத்தின்பின் பெண்ணின் வாழ்க்கைத்தரம் நூற்றுக்கு 73 வீதம் வீழ்ந்தது என லெனோர் வைற்ஸ்மன் 1985இல் எழுதினார். அதே தரவுகளை மீளக் கணித்த றிச்சர்ட் பீற்றர்சன் 1996இல் அது 27 வீதமே எனக் காட்டினார். கணக்குத் திருந்தியது, பெண்ணின் இழப்போ பொய்யாகவில்லை.

நம் நாட்டின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டமும் ஒருவர்பாற் குறை காணும் நெறியிலேயே எழுந்தது. அதனைத் திருத்தக் கருதுவோர் கலிபோர்ணியாவின் இருபாடங்களையும் ஒருங்கே கற்றல் வேண்டும். பொய்யை மன்றினின்று விலக்குதல் முதற்கடன். பிரிந்தபின் மனைவியும் மக்களும் வறுமையுறாவண்ணம் சொத்தையுந் தாபரிப்பையும் வகுத்தல் அதனினும் அரிய கடன்.