வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு... விபத்து இழப்பீடு பெறும் வழிகள்!

தி.நகர் பாண்டி பஜாரிலோ மயிலாப்பூர் மாட வீதியிலோ சாலையைக் கடக்கும் ஓர் இல்லத்தரசியை பைக் ஒன்று இடித்துத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். கை எலும்பு முறிந்துவிட்டது. 'காலேஜ் பையன், பாவம்! ஏதாவது வாங்கிக்கிட்டு விட்டுடுங்கம்மா' என்று கூட்டத்தில் சமாதானம் பேசுவார்கள். வீட்டிலோ, 'வேலைக்குப் போறவளா இருந்தா சம்பளம் போச்சுன்னு கேக்கலாம்...' என்று இழுப்பார்கள். இரண்டுமே தவறான எண்ணங்கள்.

பணம் தருவது யார்?

எல்லா வாகனங்களுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது நடப்பில் இருந்தால், இழப்பீட்டைப் பொதுவாக இன்ஷூரன்ஸ் நிறுவனமே தரும். அந்தப் பையனின் பெற்றோர் நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

மருத்துவமனையில் மறைக்காதீர்கள்

தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இதைப் பெறலாம்.

போலீஸ் கேஸுக்குப் பயந்து, 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்க' என்று டாக்டரிடம் சொல்லிவிடக் கூடாது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படுவதுதான் பின்னாளில் முக்கிய சாட்சி. அந்த 'ஏ.ஆர். காப்பி', எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்-ரே, மருந்து பில்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். சமையலுக்கு ஆள் வைத்த செலவு, ஆட்டோ செலவு ஆகியவற்றையும் தேதியோடு குறித்து வைக்கலாம்.

வருமானம் இல்லாவிட்டாலும்...

விபத்தில் இறந்த இல்லத்தரசி ஒருவர் தொடர்பான வழக்கில், 2009-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், வீட்டு வேலையை மதிப்பிட மூன்று வழிகளை எடுத்துச் சொன்னார். அவர் வெளியே வேலைக்குப் போயிருந்தால் என்ன சம்பாதித்திருப்பார்? இல்லறத்தைச் சம பங்குதாரர் தொழிலாகக் கொண்டால் கணவர் சம்பளத்தில் பாதி எவ்வளவு? அவர் செய்த வேலைகளுக்கு ஆள் வைத்தால் என்ன செலவாகும்? 2010-ல் உச்ச நீதிமன்றமும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டியது. 2021-லும் இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்பு உண்டு என்று உறுதிசெய்தது. காயமடைந்தவரின் வழக்கிலும் இவற்றை முன்வைக்கலாம். சிகிச்சைச் செலவோடு வலி, வேதனை, நிரந்தர ஊனம், எதிர்கால மருத்துவம் ஆகியவற்றுக்கும் தனித்தனியே இழப்பீடு கேட்கலாம்.

எங்கே, எப்போது?

சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. விபத்து விழுப்புரத்தில் நடந்திருந்தாலும், அடையாறில் வசிப்பவர் சென்னையிலேயே மனு போடலாம்.

'எப்ப வேணும்னாலும் கேஸ் போடலாம்' என்பது பழைய கதை. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள சட்டத் திருத்தம், விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு செய்யச் சொல்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டிருந்தாலும், தாமதிக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெறும் வழியும் உண்டு. ஆனால், அதை ஏற்றுக்கொண்டால் கூடுதல் தொகை கேட்டுப் போட்ட மனு முடிவுக்கு வந்துவிடும். எனவே கையெழுத்திடும் முன் யோசிக்க வேண்டும். இடித்த வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால், கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் வழங்க மத்திய அரசின் திட்டம் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா?

பெண்களுக்கு, அவர்களின் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. லோக் அதாலத்தில் சமரசமாக முடித்தால் பணம் விரைவில் வரும். ஆனால் அதன் மீது மேல்முறையீடு கிடையாது. அதனால் தொகை போதுமா என்பதை அங்கே சம்மதம் சொல்லும் முன்பே கணக்குப் பார்த்துவிடுங்கள்.