பழைய பத்திரிகையில் புதையல் எடுத்த பேராசிரியர்!

படித்து முடித்த பத்திரிகையை என்ன செய்கிறோம்? பொட்டலம் கட்டுகிறோம், அல்லது எடைக்குப் போட்டு விடுகிறோம். அமெரிக்காவில் ஒரு பேராசிரியர், பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படித்துப் பெரிய வரலாறே எழுதிவிட்டார்.

அவர் பெயர், பிராங்க் லூதர் மோட். 1886-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். தந்தை சிற்றூரில் வாரப் பத்திரிகை நடத்தினார். மோட் சிறு வயதிலேயே அங்கு அச்சுக் கோத்தார். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் வேலை அது. பொறுமை அங்கேதான் வந்தது போலும்!

1921-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியரானார். 1927-ல் அங்கே பத்திரிகைக் கல்விப் பிரிவுக்குத் தலைவரானார்.

மூன்று நாள் முந்தியவர்

அமெரிக்காவின் வார, மாதப் பத்திரிகைகளின் கதையை அவர் 1741-லிருந்து தொடங்கினார். அந்த ஆண்டு பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் ஆண்ட்ரூ பிராட்போர்டுக்கும் பலத்த போட்டி. பிராட்போர்டு மூன்று நாள் முந்தி மாதப் பத்திரிகை வெளியிட்டார். என்ன பயன்? மூன்று இதழோடு அது நின்றது. பிராங்க்ளினுடையது ஆறு இதழோடு படுத்துவிட்டது! நொடித்துப்போன இத்தகைய பத்திரிகைகளையும் மோட் ஒதுக்கவில்லை.

முதல் பாகம் 1930-ல் வந்தது. 1938-ல் வந்த இரண்டு பாகங்களுக்கு, மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அமெரிக்க எழுத்தாளர்களுக்கு அது மிகப் பெரிய பரிசு.

நான்காம் பாகத்துக்கு 19 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் ஒன்பது ஆண்டுகள் மிசூரி பல்கலைக்கழகப் பத்திரிகைப் பள்ளியை அவர் நடத்தினார்.

ஐந்தாம் பாகம் அச்சேறும் முன்பே, 1964-ல் மோட் காலமானார். மகள் மில்ட்ரெட் அதைச் செப்பம் செய்தார். 1968-ல் புத்தகம் வெளிவந்தது.